பி.இ. குறைந்தால் மலிவு என்று யார் சொன்னது?

2025 கோடையில் ஒரு மாலை. சங்கத்தின் மாதாந்தரக் கூட்டம் முடிந்து காப்பி குடித்துக்கொண்டிருந்த நேரத்தில், டவுனில் மளிகைக் கடை வைத்திருக்கும் உறுப்பினர் ஒருவர் தமது கைப்பேசியை நம் முன் நீட்டினார்.

"அண்ணாச்சி, இது எங்க அப்பா வாங்கி வச்ச பங்கு. பேங்க்ல லாபம் வருஷா வருஷம் கூடிக்கிட்டுதான் இருக்கு. வெல மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது. பி.இ. ஆறுன்னு போட்டிருக்கான். பி.இ. கொறஞ்சா மலிவுன்னு பையன் சொல்லுதான். மலிவா இருந்தா இன்னும் கொஞ்சம் வாங்கிப் போடலாமா?"

அவர் காட்டியது தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கிப் பங்கு. நம் பக்கத்து வியாபாரக் குடும்பங்கள் பலவற்றில் இரண்டு மூன்று தலைமுறையாக இருக்கும் பங்கு அது. கேள்வி நியாயமான கேள்வி. அதற்கு ஒரு வரியில் விடை சொல்ல முடியவில்லை என்பதால்தான் இந்த மாத இதழில் நாம் இதை எழுத உட்கார்ந்தோம்.

பி.இ. என்பது ஒன்றும் பெரிய வித்தை அல்ல. ஒரு பங்கின் சந்தை விலையை, அந்தப் பங்குக்கு ஓராண்டில் கிடைத்த நிகர லாபத்தால் வகுத்தால் வருகிற எண். அவ்வளவுதான். பெயர் தெரியாமலேயே நாம் காலங்காலமாக இந்தக் கணக்கைப் போட்டு வருகிறோம். ரத வீதியில் நடக்கிற கடை ஒன்று விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு ஆறு லட்சம் நிகரமாக நிற்கிறது. முப்பது லட்சம் கேட்கிறார்கள் என்றால் ஐந்து வருஷ லாபத்தைக் கேட்கிறார்கள், பி.இ. ஐந்து. அறுபது லட்சம் கேட்டால் பி.இ. பத்து. (அந்த ஆறு லட்சத்தில் முதலாளி தம் உழைப்புக்குச் சம்பளம் எழுதியிருக்கிறாரா என்று முதலில் கேட்க வேண்டும். நம்மவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் எழுதுவதில்லை. அது வேறு கதை.)

அப்படிக் கடை பேசப் போகிறவர் சென்ற வருஷத்துச் சிட்டையை மட்டும் பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பாரா? ஐந்தாறு வருஷப் பேரேட்டை எடுத்து வரச் சொல்வார். எதிர்க் கடை ஒரு வருஷம் பூட்டிக் கிடந்ததால் வந்த லாபமா, வாடிக்கையில் வந்த லாபமா என்று அக்கம்பக்கத்தில் விசாரிப்பார். வாடகை ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்று பார்ப்பார். கடை வாங்கும்போது இத்தனை விசாரிக்கிற அதே மனிதர், கைப்பேசியில் ஒரே ஓர் எண்ணைப் பார்த்து இரண்டு லட்சத்துக்குப் பங்கு வாங்குகிறார். நமக்கு இதுதான் விளங்கவில்லை.

பாபநாசம் அணை நீர்மட்டத்தைப் பத்திரிகையில் தினம் பார்க்கிறோம். முழுக் கொள்ளளவு 143 அடி. இன்றைக்கு நூறு அடி என்று போட்டிருக்கிறது. இது நல்ல செய்தியா, கெட்ட செய்தியா? ஜூன் மாதத் தொடக்கத்தில் நூறு அடி என்றால் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்துவிடுவார்கள் என்று உரக் கடைக்காரர் சரக்கு எடுப்பார். வடகிழக்குப் பருவமழை முடிகிற டிசம்பர் கடைசியிலும் அதே நூறு அடிதான் என்றால் பிசானத்துக்குக் கடைசித் தண்ணீர் எட்டுமா என்று விவசாயி கவலைப்படுவார். எண் ஒன்றுதான், மாதம் வேறு. வரத்து எவ்வளவு, வெளியேற்றம் எவ்வளவு, சென்ற வருஷம் இதே நாளில் எவ்வளவு என்ற மூன்றும் பக்கத்தில் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பொருள். பத்திரிகைக்காரரும் அதனால்தான் அவற்றைச் சேர்த்துப் போடுகிறார். பி.இ.யும் அப்படித்தான்.

இனி அந்த உறுப்பினரின் பங்குக்கு வருவோம். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்ற பெயரில் தொடங்கப்பட்டு, 1962இல் இன்றைய பெயரைப் பெற்ற நிறுவனம் அது. பெரும்பங்கு யார் கையில் இருப்பது என்ற வழக்கும் வாதமும் 1990களிலிருந்து பல்லாண்டு நீடித்த வரலாறு நம் வாசகர்களுக்குத் தெரிந்ததே. 2022 செப்டம்பரில்தான் பொதுமக்களுக்குப் பங்கு வெளியிட்டுச் சந்தைக்கு வந்தது. வெளியீட்டு விலை ரூ.510.

அதற்கு முந்தைய நிதியாண்டான 2021-22இல் நிகர லாபம் சுமார் ரூ.822 கோடி. வெளியீட்டுக்குப் பின் மொத்தப் பங்குகள் ஏறத்தாழ 15.83 கோடி. வகுத்தால் ஒரு பங்குக்கு 52 ரூபாய் லாபம். 510ஐ 52ஆல் வகுத்தால் பி.இ. கிட்டத்தட்ட பத்து. அடுத்த ஆண்டு லாபம் ரூ.1,029 கோடி, அதற்கடுத்து ரூ.1,072 கோடி, 2024-25இல் ரூ.1,183 கோடி. பங்குக்கு 75 ரூபாய் அளவில் வந்து நிற்கிறது. ஆனால் 2025 மார்ச் முடிவில் விலை 400க்கும் 450க்கும் இடையில்தான். பி.இ. ஆறுக்கும் கீழே.

இந்தக் கணக்கைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். பங்கு விலை என்பது இரண்டு எண்களின் பெருக்கம். ஒன்று பங்குக்கான லாபம். மற்றொன்று அந்த லாபத்துக்கு எத்தனை மடங்கு கொடுக்கலாம் என்று சந்தை நினைக்கிற மடங்கு. முதல் எண் 52இலிருந்து 75 ஆயிற்று. நூற்றுக்கு நாற்பத்து நாலு கூடியது. இரண்டாவது எண் பத்திலிருந்து ஆறுக்கும் கீழே இறங்கியது. கூடியதை விட இறங்கியது அதிகம், ஆகவே விலை சறுக்கிவிட்டது. வங்கி தன் வேலையைச் செய்தது, மடங்கு சுருங்கியது. பங்கு வாங்குகிறவர் முதல் எண்ணை மட்டும் வாங்குவதாக நினைக்கிறார். இரண்டையும் சேர்த்துத்தான் வாங்குகிறார்.

மடங்கு ஏன் சுருங்கிற்று? சந்தையின் மனதை யாரும் முழுக்க அறிய முடியாது. ஆனால் கண்ணுக்குத் தெரிந்தவை சில உண்டு. சந்தைக்கு வந்த ஓராண்டிலேயே, 2023 செப்டம்பரில், சென்னையில் வாடகைக் கார் ஓட்டும் ஒருவரின் கணக்கில் ரூ.9,000 கோடி தவறாக வரவு வைக்கப்பட்டு உடனே திரும்ப எடுக்கப்பட்ட செய்தி நாடெங்கும் சிரிப்பாயிற்று. அதே மாதத்தில் நிர்வாக இயக்குநர் பதவி விலகினார். புதியவர் வந்து பொறுப்பேற்க 2024 ஆகஸ்ட் ஆயிற்று. இந்தச் சம்பவங்களால் லாபம் குறையவில்லை. ஆனால் பெரிய முதலீட்டாளர்கள் இதையெல்லாம் ஒரு பக்கம் எழுதி வைத்துக்கொள்வார்கள். தவிர, சிறிய வங்கிகளுக்குச் சந்தை பொதுவாகவே குறைந்த மடங்குதான் கொடுக்கிறது. வங்கியின் லாபத்தில் எவ்வளவு மெய்யானது என்பது கொடுத்த கடன் திரும்பி வரும்போதுதான் தெரியும். கடனுக்குச் சரக்கு கொடுத்துப் பழகிய நமக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதனால் வங்கிப் பங்குக்கு பி.இ.யோடு, ஒரு பங்குக்குரிய புத்தக மதிப்பையும் ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம். இங்கே அந்த மதிப்பு ஐந்நூறுக்கு மேல். 2025 மார்ச்சில் சந்தை விலை அதற்கும் கீழே.

ஆக, அந்தப் பங்கு மலிவா? மலிவாக இருக்கலாம். நமது அபிப்பிராயத்தில், பத்தில் வாங்கியவரை விட ஆறில் வாங்குகிறவர் பாதுகாப்பான இடத்தில் நிற்கிறார். ஆனால் ஆறு என்பது பத்தாகத் திரும்பும் என்று எந்தச் சட்டமும் இல்லை. ஆறிலேயே பத்து வருஷம் கிடக்கலாம். அப்படிக் கிடந்தால் கைக்கு வருவது டிவிடெண்ட் மட்டும். 2024-25க்கு அது பங்குக்கு 11 ரூபாய். 75 ரூபாய் லாபத்தில் மீதி வங்கிக்குள்ளேயே மூலதனமாக நின்றது. ஆறு மடங்கு என்றால் நூற்றுக்குப் பதினேழு வட்டி என்று தலைகீழாக்கிக் கணக்குப் போடுகிறவர்கள், அந்தப் பதினேழும் நம் கல்லாவுக்கு வருவதில்லை என்பதை மறந்துவிடுகிறார்கள்.

இடையில் ஒரு சிறு விஷயம். சந்தைக்கு வருமுன் இந்த வங்கி ஒரு பங்குக்கு 500 போனஸ் பங்கு கொடுத்தது. ஒன்று 501 ஆயிற்று. அப்போது பணம் ஐந்நூறு மடங்கு பெருகிவிட்டதாக நினைத்து மகிழ்ந்தவர்களை நாம் அறிவோம். ஐம்பது கிலோ மூட்டையைப் பிரித்து அரைக் கிலோ பொட்டலமாகக் கட்டினால் அரிசி கூடிவிடுமா? பங்கு விலையும் 501ஆல் வகுபடும், பங்குக்கான லாபமும் 501ஆல் வகுபடும். பி.இ. அப்படியே நிற்கும். பல வருஷத்து பி.இ.யை ஒப்பிடும்போது, பழைய வருஷத்து லாபத்தையும் இப்படிப் பிரித்துத் திருத்திக்கொண்டார்களா என்று பார்ப்பது அவசியம். திருத்தாமல் போட்ட அட்டவணைகள் நம் கண்ணில் பட்டிருக்கின்றன.

வங்கியை விட்டுவிட்டு, தாழையூத்துக்குப் போவோம். சங்கர்நகர் சிமெண்ட் ஆலை 1949இல் உற்பத்தி தொடங்கியது. 1946இல் நிறுவப்பட்ட இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனத்தின் முதல் ஆலை அதுதான். இந்த நிறுவனத்தின் பங்கு, பி.இ.யைப் பற்றி நமக்கெல்லாம் ஒரு நல்ல பாடத்தை வைத்திருக்கிறது.

2007-08 சிமெண்டுக்குப் பொற்காலம். கட்டடம் கட்டுகிறவர்கள் மூட்டைக்கு அலைந்தார்கள். அந்த ஆண்டு நிறுவனத்தின் லாபம் ரூ.630 கோடிக்கு மேல். பங்குக்கு இருபதுக்கு மேல் லாபம். 2007 கடைசியில் விலை சுமார் 300 ரூபாய். பி.இ. பன்னிரண்டு, பதின்மூன்று. "சந்தையே இருபதுக்கு மேல் போகிறது, இது பன்னிரண்டுதானே, மலிவு" என்று வாங்கினார்கள். 2010-11இல் லாபம் ரூ.68 கோடியாக இறங்கிற்று. பங்குக்கு இரண்டே கால் ரூபாய்கூட இல்லை. விலை நூறு ரூபாய்க்கு அக்கம்பக்கம். அப்போது பி.இ. எவ்வளவு? நாற்பதுக்கு மேல்!

நன்றாகக் கவனியுங்கள். 300 ரூபாயில் 'மலிவு' என்று காட்டிய அதே கணக்கு, 100 ரூபாயில் 'விலை அதிகம்' என்று காட்டியது. சிமெண்ட், சர்க்கரை, எஃகு போல ஏறி இறங்குகிற தொழில்களில் லாபம் உச்சத்தில் இருக்கும்போது பி.இ. குறைவாகவே தோன்றும், சந்தை அந்த லாபம் நிலைக்காது என்று முன்கூட்டியே கழித்துவிடுகிறது. லாபம் தரைக்கு வரும்போது வகுக்கும் எண் சிறுத்துப் போவதால் பி.இ. வானத்துக்குப் போகும். வெங்காயம் கிலோ நூறு ரூபாய் விற்ற வருஷத்தில் ஒரு மண்டி சம்பாதித்த லாபத்தை வைத்து அந்த மண்டியை விலை பேச நம்மில் யாராவது சம்மதிப்போமா?

கதை அதோடு முடியவில்லை. 2023-24இல் அந்த நிறுவனம் ரூ.200 கோடிக்கு மேல் நஷ்டம் காட்டியது. நஷ்டத்தை வைத்து பி.இ. போட முடியாது, அட்டவணையில் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டிருப்பார்கள். அந்தக் கோட்டைப் பார்த்து ஒதுங்கியவர்கள் அநேகர். ஆனால் 2024 ஜூலையில் அல்ட்ராடெக் நிறுவனம் நிறுவனக் குடும்பத்தாரின் பங்குகளைப் பங்குக்கு 390 ரூபாய் வீதம் வாங்க ஒப்பந்தம் செய்து, டிசம்பரில் நிர்வாகத்தை ஏற்றுக்கொண்டது. வாங்கியவர் லாபத்துக்கு விலை கொடுக்கவில்லை. ஆலைக்கும், சுண்ணாம்புக்கல் சுரங்கத்துக்கும், தென்னாட்டுச் சந்தையில் ஓர் இடத்துக்கும் விலை கொடுத்தார். இதைப் பார்த்துவிட்டு, நஷ்டக் கம்பெனியெல்லாம் ஒரு நாள் விலைக்குப் போகும் என்று புறப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு நம்மிடம் மருந்து இல்லை.

மறுபக்கம், பி.இ. அதிகமாக உள்ள நல்ல கம்பெனி. நம் கடை அலமாரியில் பாதியை நிரப்பி வைத்திருக்கும் இந்துஸ்தான் யூனிலீவரை எடுத்துக்கொள்வோம். 2020 மார்ச் முடிவில் அதன் பங்கு சுமார் 2,300 ரூபாய். அந்த ஆண்டு பங்குக்கு லாபம் 31 ரூபாய், பி.இ. எழுபதைத் தாண்டியது. அடுத்த மாதமே ஹார்லிக்ஸும் அதோடு சேர்ந்தது. ஐந்து வருஷத்தில் பங்குக்கான லாபம் 45 ரூபாய் அளவுக்கு உயர்ந்தது. 2025 மார்ச் முடிவில் விலை? சுமார் 2,260. பி.இ. ஐம்பது. கம்பெனியின் சோப்பும் தூளும் டீயும் விற்றுக்கொண்டே இருந்தன, டிவிடெண்டும் தவறாமல் வந்தது. ஆனால் ஐந்து வருஷ வளர்ச்சியை 2020லேயே விலையில் கொடுத்துவிட்டதால் வாங்கியவருக்கு விலையில் ஒன்றும் மிஞ்சவில்லை. நல்ல சரக்குதான், கொள்முதல் விலை தப்பு. இந்த வாக்கியத்தை நம் தொழிலில் எத்தனை முறை சொல்லியிருப்போம்!

இது ஒரு கம்பெனிக்கு மட்டும் வருவதல்ல. மூத்த உறுப்பினர்களுக்கு 1992 நினைவிருக்கும். 1991 தொடக்கத்தில் ஆயிரம் அளவில் இருந்த சென்செக்ஸ், ஹர்ஷத் மேத்தா காலத்தில் 1992 ஏப்ரலில் 4,400ஐத் தாண்டியது. கம்பெனிகளின் லாபம் நாலு மடங்கு ஆகவில்லை, மடங்குதான் உப்பியது. ஓராண்டில் குறியீடு பாதியாயிற்று. ஜப்பானில் 1989 டிசம்பரில் தொட்ட உச்சத்தை நிக்கேய் குறியீடு மறுபடி தாண்ட 2024 பிப்ரவரி வரை, முப்பத்து நாலு வருஷம், ஆயிற்று.

வட்டி விகிதத்துக்கும் இதில் பங்குண்டு. 2020 மே முதல் இரண்டு ஆண்டு ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 4 சதவீதமாக இருந்தது. வைப்பு நிதியில் ஒன்றும் கிடைக்காததால் பணம் பங்குப் பக்கம் பாய்ந்து மடங்கு ஏறிற்று. 2023 பிப்ரவரிக்குள் வட்டி 6.5 ஆயிற்று. அந்த வருஷத்து மடங்கையும் இந்த வருஷத்து மடங்கையும் ஒப்பிடும்போது வட்டியையும் பக்கத்தில் எழுதிக்கொள்ள வேண்டும். எண்ணைக் கணக்கிடும் முறையே மாறுவதும் உண்டு. 2021 மார்ச் இறுதியில் தேசியப் பங்குச் சந்தை நிஃப்டியின் பி.இ.யைத் தாய்க் கம்பெனியின் லாபத்தை மட்டும் வைத்துப் போடுவதை நிறுத்திவிட்டு, துணைக் கம்பெனிகளின் லாபத்தையும் சேர்த்துப் போடத் தொடங்கியது. நாற்பதில் நின்ற எண் முப்பத்து மூன்றுக்கு வந்துவிட்டது. கம்பெனிகளில் ஒரு மாற்றமும் இல்லை. சந்தை மலிந்துவிட்டது என்று சிலர் வாங்கினார்கள்.

ஒரு வருஷ லாபம் இப்படிக் கண்ணைக் கட்டும் என்பதால்தான், பல வருஷத்துச் சராசரி லாபத்தால் வகுக்க வேண்டும் என்று அமெரிக்காவின் பெஞ்சமின் கிரஹாம் 1934லேயே எழுதினார். பின்னால் ராபர்ட் ஷில்லர் என்ற பொருளாதாரப் பேராசிரியர், விலைவாசி ஏற்றத்தைச் சரிக்கட்டிய பத்து வருஷச் சராசரியை வைத்து ஒரு பி.இ. அமைத்தார், அவருக்கு 2013இல் நோபல் பரிசு கிடைத்தது. நமக்குப் பேராசிரியர் தேவையில்லை. கம்பெனியின் பத்து வருஷ ஆண்டறிக்கை இலவசமாகவே கிடைக்கிறது. ஒரு நோட்டில் ஐந்து கட்டம் போட்டு வருஷம், பங்குக்கான லாபம், அதில் இதர வருமானம் எவ்வளவு, மார்ச் முடிவு விலை, மடங்கு என்று எழுதினால் ஒரு மணி நேர வேலை. கடை அடைத்த பிறகு செய்யலாம்.

அந்த 'இதர வருமானம்' என்ற கட்டத்தை நாம் வீணாகச் சேர்க்கவில்லை. நமக்கு நன்கு தெரிந்த ஒரு கடைக்காரர், பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம், கைப்பேசிக் குழு ஒன்றில் வந்த துப்பை நம்பி 'பி.இ. நாலுதான்' என்று ஒரு சிறு கம்பெனியின் பங்கில் மூன்றரை லட்சம் போட்டார். தீபாவளிச் சரக்குக்காக ஒதுக்கி வைத்திருந்த பணம். அந்தக் கம்பெனி அந்த வருஷம் தன் பழைய ஆலை நிலத்தை விற்றிருந்தது. லாபத்தில் முக்கால்வாசி நிலம் விற்ற பணம். அடுத்த வருஷம் விற்க நிலம் இல்லை. பங்கு மூன்றில் ஒன்றாக இறங்கியது. ஐப்பசியில் மண்டிக்குக் கட்ட வேண்டிய தவணையைக் கட்ட முடியாமல், பதினெட்டு வருஷமாகக் கடனுக்குச் சரக்கு கொடுத்த மண்டிக்காரர் முதல் முறையாக ரொக்கம் கேட்டார். பங்கில் போன பணத்தை விட அந்த ஒரு சொல்தான் அவரை உலுக்கியது என்று நம்மிடம் சொன்னார். ஆண்டறிக்கையில் அந்த நில விற்பனை தனி வரியாக அச்சாகியிருந்தது.

ஆகவே சரக்குக்கான முதலைப் பங்கில் போடுவதை நாம் வெளிப்படையாகவே எதிர்க்கிறோம், பி.இ. எத்தனையாக இருந்தாலும். மடங்கு திரும்பி வர நாலு வருஷமும் ஆகும், பத்து வருஷமும் ஆகும். மண்டித் தவணைக்கு இருபத்தொரு நாள். ஐந்து ஏழு வருஷம் தொட வேண்டியிராத பணம் இருப்பவர்கள் தாராளமாக வாங்கட்டும். சில உறுப்பினர்கள் இதை வியாபாரியின் துணிச்சலுக்கு விரோதமான பேச்சு என்பார்கள். என்று சொல்லட்டும்.

கைப்பேசி நீட்டிய அந்த உறுப்பினருக்கு அன்றே சங்க அறையில் உட்கார்ந்து, வங்கி சந்தைக்கு வந்ததிலிருந்து உள்ள வருஷங்களை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தோம். மூன்று வருஷக் கணக்கு மிகவும் குறைவு, பழைய ஆண்டறிக்கைகளிலிருந்து லாபத்தை மட்டுமாவது பின்னோக்கி எழுதிக்கொண்டு வாருங்கள் என்றோம். தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அது சரி அண்ணாச்சி, இப்ப வாங்கவா, வேண்டாமா?" என்றார். தீபாவளிச் சரக்குக்குப் பணம் தனியாக இருக்கிறதா என்று கேட்டோம். வீட்டில் கேட்டுவிட்டுச் சொல்வதாகச் சொல்லிப் போனார்.